பூட்டிய வீட்டுத் தொட்டியில் காத்திருக்கும் முட்டைகள்

கார்த்திகை தீபம் கழிந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அதற்காகவோ, தை பிறந்ததும் வரும் கல்யாணத்துக்கோ, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னதாக ஒருவர் சாவியோடு வந்துவிடுவார். ஒட்டடை அடிப்பார்கள், முகப்பிலிருந்து அடுப்படி வரை கழுவிவிடுவார்கள், மோட்டாரைப் போட்டு இருக்கிற தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கடைசி வேலையில்தான் பிசகு.

டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கும். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை. தண்ணீர் வற்றி, தொட்டி காய்ந்து, பங்குனி சித்திரை வெயில் அடித்தாலும் அவை சாவதில்லை. கறுப்பு மிளகுத்தூள் ஒட்டியதுபோல ஆறு மாதம், எட்டு மாதம்கூட அப்படியே இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டால் போதும், சில மணி நேரத்தில் பொரியத் தொடங்கும். போன வருடம் விசேஷம் முடிந்து போகும்போது விட்டுச்சென்ற அரைத்தொட்டித் தண்ணீர் இந்த வருடத்துக் கொசுவுக்கு விதை.

இப்போது நாளை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் தொட்டி நிரம்புகிறது, அன்றோ மறுநாளோ முட்டை பொரிகிறது. ஐந்து நாளளவுக்குப் புழு, பிறகு இரண்டு நாள் கூட்டுப்புழு. எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கொசு பறக்கிறது. விருந்தாளிகள் பெட்டியோடு இறங்குவதும் அந்தப் பத்தாம் நாளில்தான். வளவில், அதாவது வீட்டு நடுவிலுள்ள வானம் திறந்த முற்றத்தில், பாய் விரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பேரின் கணுக்காலும் அதற்குத் தயாராக இருக்கிறது.

எனவே தொட்டியைத் தேய்க்காமல் நிரப்பக் கூடாது. மற்ற எல்லா ஏற்பாடும் இதற்குப் பிறகுதான்.

சும்மா தண்ணீர் ஊற்றி அலசினால் முட்டை போகாது, அது பசைபோல ஒட்டியிருக்கிறது. சிமெண்ட் தொட்டி என்றால் ப்ளீச்சிங் பவுடரையும் துணி சோப்புத்தூளையும் சிறிது தண்ணீரில் சந்தனம்போலக் குழைத்து, சுவரில் அடியிலிருந்து விளிம்பு வரை பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். பழைய தண்ணீர்க்கோடு தெரியும் இடத்தில் இன்னும் கனமாகப் பூசுங்கள். பிறகு கெட்டியான நார்த்தூரிகையால் தேய்த்து, இரண்டு தடவை கழுவி, அந்தத் தண்ணீரை வெயில்படும் மண்தரையில் கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் பிழைத்த முட்டை அங்கே ஈரத்தோடு தங்கும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். செம்பு அண்டாவுக்குப் ப்ளீச்சிங் வேண்டாம். புளியும் தேங்காய் நாரும் போட்டு வழக்கம்போல அழுத்தித் தேய்த்தாலே முட்டை உதிர்ந்துவிடும். அப்போதும் விளிம்பின் உள்மடிப்பை விட்டுவிடக் கூடாது.

செட்டிநாட்டு வீட்டில் தண்ணீர் நிற்கும் இடங்களின் பட்டியல் மற்ற ஊர் வீடுகளைப்போல இல்லை. வளவின் நான்கு மூலையிலும் கூரைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் அண்டா. பின்கட்டில் கிடக்கும் ஆட்டுக்கல், உரல் ஆகியவற்றின் குழி. இரண்டாம் கட்டு அறையில் யாரும் திறந்து பார்க்காத பீங்கான் ஜாடி. இலை அடைத்துக் கிடக்கும் தாழ்வாரத்துத் தகர வாய்க்கால். மாடியில் கழற்றிப்போட்ட ஓடுகள். இவற்றோடு புதிதாகக் கட்டிய குளியலறைகளும் சேர்ந்துவிட்டன. வருடம் முழுக்க யாரும் புழங்காத மேல்நாட்டுக் கழிப்பறையின் கிண்ணத்திலும், அதன் பின்னாலுள்ள ஃபிளஷ் தொட்டியிலும் சுத்தமான தண்ணீர் இருட்டில் அசையாமல் நிற்கிறது. ஏடிஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டைத் திறந்த அன்றே எல்லாக் கழிப்பறையிலும் ஒருமுறை ஃபிளஷ் செய்து, தொட்டியின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஊருணிமேல் பழிபோடும் பழக்கம் இருக்கிறது. அது தவறு. மீன் துள்ளி, காற்றில் அலையடிக்கும் ஊருணியில் ஏடிஸ் வளராது. கரையோரம் பாசியும் தாமரை இலையும் அடர்ந்து கிடந்தால் வேறு வகைக் கொசு வரலாம், ஆனால் டெங்குக் கொசு பிறப்பது நம் மதிலுக்கு உள்ளேதான். அது பறக்கும் தூரமும் பெரும்பாலும் நூறு மீட்டர் அளவே. உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில். தெருவில் நாலு வீடு பூட்டிக் கிடந்தால் நாலு சாவியையும் தேட வேண்டும் என்பது இதனால்தான்.

புகை மருந்து அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. புகை, அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு நாளில் அடுத்த கூட்டம் எழுந்துவிடும். காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் போடும் டெமிபாஸ் மருந்து பலன் தரும். 1 சதவீதக் குறுணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம், ஆயிரம் லிட்டர்த் தொட்டிக்கு 100 கிராம். கண்ணளவில் அள்ளிப் போடாமல் அவர்களைக் கொண்டே போடச் சொல்லுங்கள். தொட்டியைக் காலி செய்தால் மருந்தும் போய்விடும், மறுபடி போட வேண்டும். கிணற்றுக்கு மீன் நல்லது. கம்பூசியாவோ கப்பியோ விட்டால் புழுவைத் தின்றுவிடும். ஆனால் அவற்றை ஊருணியிலும் கண்மாயிலும் கொண்டுபோய் விடாதீர்கள், ஊர் மீன்களை விரட்டிவிடும். மேல்தொட்டியின் மூடி இறுகப் பொருந்த வேண்டும். தண்ணீர் வழியும் குழாயின் வாய்க்கும், செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாய்க்கும் நைலான் வலையைக் கட்டுங்கள். செப்டிக் டேங்கில் பிறப்பது யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ், இரவில் காதருகே ரீங்கரிப்பது அதுதான்.

கடல் கடந்து போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும்

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் குடும்பங்களுக்குத் தீவு என்பது சுற்றுலா விளம்பரத்தில் பார்த்த இடம் இல்லை. கொழும்பும் பினாங்கும் சிங்கப்பூரும் தொழில் நடந்த ஊர்கள், இன்றும் உறவு இருக்கும் ஊர்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கும், சிங்கப்பூர் தேங்க் ரோடு கோயிலுக்கும் போகிறவர்கள் உண்டு, கதிர்காமம் போகிறவர்கள் உண்டு. அங்கே கடிக்கும் கொசுவும் இங்கே வளவில் கடிக்கும் கொசுவும் ஒரே ஏடிஸ் எஜிப்டிதான். ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையாகவும் புழுவாகவும் பயணம் செய்து வெப்பமண்டலத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் குடியேறிய இனம் அது.

நோய் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. 1963-இல் 17 நோயாளிகள் என்ற அளவுக்குக் குறைந்து, கண்காணிப்பு தளர்ந்ததும் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருகிய நோய் அது. மீண்டும் ஒழிக்க அரை நூற்றாண்டு ஆனது. ஆனால் அதே இலங்கையில் 2017-இல் டெங்கு 1,86,000 பேருக்கு மேல் பதிவானது. ‘மலேரியா இல்லாத நாடு’ என்று கேட்டுவிட்டுக் கொசுவத்தி இல்லாமல் போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் எவ்வளவு சுத்தமான ஊர் என்றாலும் டெங்கு அங்கே ஓயவில்லை. 2016-இல் அதே ஏடிஸ் பரப்பும் ஜிகா காய்ச்சலும் 400 பேருக்கு மேல் வந்தது. கர்ப்பிணிகள் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஜிகா வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும், உடலுறவாலும் பரவும். ஜிகா பரவும் ஊரிலிருந்து திரும்பினால் கர்ப்பம் தரிக்கும் முன் பெண்கள் 2 மாதமும் ஆண்கள் 3 மாதமும் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். சிக்குன்குனியா ஒரு தீவை என்ன செய்யும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் சாட்சி. 2005–06-இல் மக்களில் மூன்றில் ஒருவருக்கு வந்தது, அந்த அலையின் தொடர்ச்சியில்தான் 2006-இல் தமிழ்நாடும் மூட்டுவலியில் படுத்தது.

அந்தமான் நிக்கோபார் வேறு கணக்கு. அங்கே மலேரியா உண்டு. அதைப் பரப்பும் அனோபிலிஸ் சண்டைக்கஸ் உப்புக் கலந்த தண்ணீரிலும் வளரும், கடலோரம் என்பதால் கொசு இருக்காது என்ற நினைப்பு அங்கே செல்லாது. நம் பக்கத்து ராமேஸ்வரமும் ஒரு தீவுதான். அங்கும் மலேரியா நெடுங்காலமாகச் சுகாதாரத் துறையின் கண்காணிப்பில் இருக்கும் நோய். அனோபிலிஸ் இரவில் கடிக்கும், உட்காரும்போது வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். அந்த ஊர்களில் தங்கும் இரவுகளில் கொசுவலை கட்டாயம். மலேரியா பரவும் பகுதியில் சில நாள் தங்குவதானால் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் ஊருக்குப் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் தினமும் சாப்பிட வேண்டும். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

பகல் கொசுவின் நேரத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம், இதுதான் ஏடிஸின் உச்சம். வீட்டுக்குள் நிழல் இருந்தால் நடுப்பகலிலும் கடிக்கும். சத்தம் போடாது, பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து கணுக்காலிலும் முழங்கையிலும் கடிக்கும். கையை ஓங்கினால் எழுந்து அடுத்தவர் காலுக்குப் போகும். ஒரே பசிக்கு மூன்று நாலு பேரைக் கடிக்கும் பழக்கம் இருப்பதால்தான் ஒரு வீட்டில் டெங்கு வந்தால் வரிசையாக வருகிறது. மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திக் கொசுவத்தி ஏற்றும் நம் வழக்கத்தின் நேரம் கியூலெக்ஸுக்குத்தான் பொருந்தும். டெங்குக் கொசு அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டது.

பூசும் மருந்தில் பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் எழுதியிருக்கும் சரக்கையும் சதவீதத்தையும் பாருங்கள். டீட் 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2 மணி நேரம் காக்கும், 20 முதல் 30 சதவீதம் என்றால் 4 முதல் 6 மணி நேரம். 50-க்கு மேல் போவதால் பெரிய லாபம் இல்லை. பிகாரிடின் 20 சதவீதம் அதற்குச் சமம், வாடையும் பிசுபிசுப்பும் குறைவு. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு 12 சதவீதம். அதுவும் வேலை செய்யும், ஆனால் செட்டிநாட்டு வியர்வையில் வழிந்துவிடும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளுங்கள். பொட்டு வைப்பதுபோல அங்கங்கே தடவினால் பலன் இல்லை. பூசாத இடத்தை நாலு விரற்கடைக்கு அப்பால்கூடக் கொசு கண்டுபிடிக்கும். கணுக்கால், குதிகாலின் பின்புறம், முழங்கை, புடவை கட்டுகிறவர்களுக்கு இடுப்பும் முதுகும், இந்த இடங்கள்தான் விட்டுப்போகும். வெயிலுக்குப் பூசும் கிரீம் முதலில், அது ஊறியபின் கொசு மருந்து. துணிக்கு அடியில் பூச வேண்டாம். குழந்தைக்கு உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பூசுங்கள், அதன் கையிலும் கண்ணருகிலும் வேண்டாம். 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு எதுவுமே பூசக் கூடாது, வலை மட்டும்தான். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், வாட்ச் கண்ணாடி, செயற்கைப் பட்டு மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய், தைலப்புல் எண்ணெய் இரண்டும் சிறிது நேரம் காக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. பூண்டு தின்பது, வைட்டமின் பி மாத்திரை, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி, இவற்றால் ஒரு கொசுவும் விலகாது.

வெள்ளை வேட்டி நல்ல உடை. மனித மூச்சின் கரியமிலவாயுவை முகர்ந்த ஏடிஸ் சிவப்பையும் ஆரஞ்சையும் கறுப்பையும் தேடிப்போகிறது, வெள்ளையையும் பச்சையையும் அவ்வளவாகச் சீண்டுவதில்லை என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டினால் முழங்காலிலிருந்து கீழே முழுக்கத் திறந்துவிடும். பெர்மெத்ரின் 0.5 சதவீதத் தெளிப்பை வெளித்துணிக்கு அடித்துக் காயவைத்து உடுத்தலாம், ஐந்தாறு சலவை தாங்கும். பட்டுக்கு வேண்டாம், தோலுக்கும் கூடாது.

கல்யாண வீட்டில் அதிகம் கடிபடும் இடம் பந்தி. நீள மேசையின் அடியில் விரிப்பு தொங்கி இருட்டும் நிழலும் இருக்கும், வரிசையாகக் கால்கள் அசையாமல் இருக்கும். விரிப்பை முழங்கால் உயரத்துக்குமேல் நிறுத்துங்கள். மேசையின் இரு முனையிலும் நிற்கும் மின்விசிறியைத் தலைமட்டத்தில் வைக்காமல் இறக்கி, காலை நோக்கித் திருப்பிவிடுங்கள். கொசு நோஞ்சான், காற்றை எதிர்த்துப் பறக்காது. மூச்சுக்காற்றும் வியர்வை வாடையும் கலைந்துபோவதால் அதற்குத் தடமும் கிடைக்காது. வளவுக்கு இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. மின்சாரத்தில் சொருகும் திரவக் கொசுவிரட்டி மூடிய அறைக்கானது, கதவைச் சாத்தி அரைமணி நேரம் ஓடினால்தான் வேலை செய்யும். வானம் திறந்த வளவில் பத்துச் சொருகி வைத்தாலும் மருந்து மேலே போய்விடும். கொசுவத்தியை மூடிய அறைக்குள் ஏற்றாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. வளவுக்கு மேலே கட்டியிருக்கும் கம்பிவலை காக்கைக்கும் குரங்குக்கும்தான் தடை. அறை ஜன்னலுக்கு வலை அடிப்பதானால் கண் 1.2 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது.

கொசுவலையில் சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் செருகுங்கள், தரையில் தொங்கவிட்டால் அடிவழியாக நுழையும். தூங்கும்போது முழங்கை வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும், அதனால் மருந்து ஏற்றிய வலை நல்லது. பகலில் தூங்கும் குழந்தையின் தொட்டிலுக்கும், மதியம் கண்ணயரும் ஆச்சிக்கும் பகலிலேயே வலை கட்டுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் மழையும் வெயிலும் பட்டு நின்ற ஜாடி, எனாமல் பானை, வெண்கலக் குவளை எதிலும் காய்ந்த முட்டை ஒட்டியிருக்கலாம். பழைய டயர்களின் வழியாக ஆசியப் புலிக்கொசு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது இப்படித்தான், 1985-இல் ஹூஸ்டன் நகரில் கண்டுபிடித்தார்கள். வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பெட்டியில் ஏற்றுங்கள்.

காய்ச்சல் வந்தால்

கடிபட்டு 4 முதல் 10 நாளில் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். அதாவது தீவில் கடிபட்டவருக்குக் காரைக்குடி வந்து இறங்கியபிறகு காய்ச்சல் வரலாம். காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, காய்ச்சல் கண்டு ஐந்து நாள் வரை அவர் ரத்தத்தில் கிருமி இருக்கும். அப்போது கடிக்கும் கொசு 8 முதல் 12 நாளில் நோயைப் பரப்பும் தகுதி பெறுகிறது. அதற்குள் விருந்தாளிகள் விமானம் ஏறியிருப்பார்கள். நோய் வருவது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்கும், பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கும், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதானவருக்கும்தான். காய்ச்சலோடு வந்தவரைப் பகலும் இரவும் வலைக்குள் படுக்கவைப்பது அவர்களைக் காப்பாற்றத்தான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். டெங்குவைக் கண்டறிய முதல் ஐந்து நாளில் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை. அந்தமான் போன்ற இடத்துக்குப் போய்வந்தவர் என்றால் அதைச் சொல்லி மலேரியாவுக்கும் ரத்தத்தடவல் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், எல்லாரும் நிம்மதி அடைவார்கள். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது, சோர்ந்து படுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. டெங்குவில் நான்கு வகை இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம், இரண்டாவது முறை கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், பப்பாளி இலைச் சாற்றை நம்பி வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். அந்த நாட்களில் உயிரைக் காப்பது உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும், மருத்துவரின் கண்காணிப்பும்.

விசேஷம் நடக்கும் நாட்களில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கத்தைத் தொட்டிக்கும் நீட்டினால் போதும். முட்டை கொசுவாக ஏழு நாளுக்குமேல் வேண்டும், வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்தால் எந்தப் புழுவும் பறக்கும் நிலைக்கு வராது. விருந்து முடிந்த மறுநாள் காகிதக் கோப்பை, இளநீர்க் கூடு, பந்தல் தார்ப்பாயின் மடிப்பு எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள்.

பூட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். தொட்டிகளைக் காலிசெய்து, தேய்த்து, காயவிட்டு, வலையோடு மூடுங்கள். அண்டாக்களைக் கவிழ்த்து வையுங்கள். ஃபிளஷ் தொட்டியின் தண்ணீர்க்குழாயை அடைத்து, ஒருமுறை அழுத்திக் காலிசெய்யுங்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றி, மூடியைச் சாத்தி ஓரத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். தரைச் சாக்கடை வாய்களுக்கு வலையும் கல்லும். தாழ்வாரத் தகரத்தில் இலையை வழித்தெடுங்கள். ஆட்டுக்கல்லையும் உரலையும் கவிழ்க்க முடியாது, அவற்றின் குழியில் விளிம்பு வரை ஆற்றுமணலை நிரப்பிவிட்டுப் பின்வாசலைப் பூட்டுங்கள்.